நிகான் டி90: பழைய எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஆறு மாதத்திற்குள் ஒரு பேச்சு வந்துவிடும். "இவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் சும்மாதானே கிடக்கிறது, ஒரு நல்ல கேமரா வாங்கி வீட்டு விசேஷங்களை நாமே படம் எடுத்துப் போட்டு வைக்கலாமே" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் ஆரம்பித்தது என் அக்கா. நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பதால் கேமராவும் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவள் நம்பிக்கை. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

கடை கடையாக விசாரித்ததில், புதிய கேமராக்கள் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. கடைசியில் 2022-ல் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் நிகான் டி90 வாங்கினேன். லென்ஸும் சேர்த்து, நான் அப்போது வைத்திருந்த மொபைல் போனின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அன்றிலிருந்து அதைத்தான் பயன்படுத்தி வருகிறேன். அதில் எது நன்றாக இருக்கிறது, எது படுத்துகிறது, படங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு எதில் கவனம் வேண்டும் என்பதை எல்லாம் இங்கே பார்க்கலாம். கடைசியாகச் சொன்னதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன்.

டி90 அறிமுகமானது 2008 ஆகஸ்டில். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த நாளில் நிகானின் வரிசையில் கீழே டி60 என்ற ஆரம்ப நிலை கேமரா, மேலே டி300 என்ற உயர்நிலை கேமரா. இரண்டிற்கும் நடுவில், 2006-ல் வந்த டி80-க்கு அடுத்த மாடலாக வந்தது டி90. 2010-ல் டி7000 வந்து அந்த இடத்தைப் பிடித்தது. டி90-ன் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. இன்று கிடைப்பவை எல்லாம் பிறர் பயன்படுத்தியவைதான்.

12 மெகாபிக்ஸல் போதுமா?

கேமரா என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. டி90 தரும் படத்தின் அளவு 4288 × 2848 புள்ளிகள், அதாவது 12 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல். இன்றைய மொபைல் போன்களில் 50, 108 என்றெல்லாம் எழுதியிருக்கும்போது இது ஏமாற்றமாகத் தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மானிட்டர் புல் ஹெச்.டி. என்றால் அதில் இருப்பவை 1920 × 1080 புள்ளிகள், சுமார் 2 மெகாபிக்ஸல்தான். டி90 படத்தை முழுதாகத் திரையில் பார்க்கும்போது ஆறில் ஒரு பங்கு புள்ளிகளைத்தான் பார்க்கிறீர்கள். பிரிண்ட் போடுவதானால், ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 14 × 9 அங்குலத்திற்குத் தாராளமாக வரும். வீட்டு ஆல்பத்திற்கு இது போதும்.

எண்ணிக்கையை விட முக்கியமானது சென்சாரின் அளவு. வெளிச்சத்தை வாங்கிப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். டி90-ல் இது 23.6 × 15.8 மில்லிமீட்டர், ஒரு சிறிய தபால் தலை அளவு. அதே காலத்தில் விற்ற பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர்தான். பரப்பளவில் 13 மடங்கு வித்தியாசம். மழை பெய்யும்போது முற்றத்தில் டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அண்டாதான் ஜெயிக்கும்.

மொபைல் போன்கள் இன்று பல படங்களை நொடியில் எடுத்து, கணக்குப் போட்டு ஒன்றாக்கி இந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டி எது போன், எது டி90 என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது. சில நேரம் போன் படம்தான் பளிச்சென்று இருக்கிறது. இதை மறைத்துப் பயனில்லை.

பிறகு எதற்கு இது?

லென்ஸுக்காக. டி90-ல் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் இதுதான்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பது தெரிந்திருக்கும். ஆனால் எல்லா நிகான் உடலிலும் எல்லா நிகான் லென்ஸும் முழுதாக வேலை செய்யாது. பழைய ஏ.எப்., ஏ.எப்.-டி வகை லென்ஸ்களில் போகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. கேமரா உடலில் உள்ள மோட்டார்தான் ஒரு சின்ன திருகாணி போன்ற தண்டு வழியாக லென்ஸைத் திருப்ப வேண்டும். டி40, டி60, டி3000, டி5000 போன்ற ஆரம்ப நிலை மாடல்களில் இந்த மோட்டார் இல்லை. அவற்றில் பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். டி90-ல் மோட்டார் உண்டு. ஆகவே பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எப்/1.8டி போன்ற லென்ஸ் இதில் தானாகவே போகஸ் ஆகும்.

அந்த எப்/1.8 என்ன என்கிறீர்களா? லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் காட்டும் எண் அது. எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. டி90-உடன் விற்ற 18-105 மி.மீ. லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் எப்/5.6 வரைதான் திறக்கும். எப்/1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரே ஒரு டியூப்லைட் எரியும் வீட்டுக் கூடத்தில், பிளாஷ் அடிக்காமல், உட்கார்ந்திருப்பவர் முகத்தை ஆடாமல் எடுக்க முடிவது இதனால்தான். முகம் தெளிவாகவும் பின்னால் இருக்கும் பீரோவும் காலண்டரும் மங்கலாகவும் வரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தப் பழைய லென்ஸை மாட்டியவுடன் கேமரா திரையில் எப்.ஈ.ஈ. என்று மூன்று எழுத்துகள் மின்னும், படம் எடுக்க மறுக்கும். லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நான் அரை நாள் கவலைப்பட்டேன். லென்ஸின் மேல் உள்ள வளையத்தை 22 என்ற எண்ணுக்குத் திருப்பிப் பூட்டிவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு நிறை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர். மலிவு எஸ்.எல்.ஆர்.களில் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டுபோல் அமைத்திருப்பார்கள். டி90-ல் ஒரே கண்ணாடிக் கட்டியால் ஆன பென்டாபிரிசம். பார்வை பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருக்கும். உச்சி வெயிலில் போன் திரை தெரியாமல் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை புரியும். பேட்டரியும் நன்றாக உழைக்கிறது. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஒரு விசேஷ நாள் முழுக்கத் தாங்குகிறது.

குறைகள்

முதலில் வெளிச்ச அளவு. டி90 தானாகக் கணக்கிடும்போது, வெயிலில் படங்களைச் சற்று அதிக வெளுப்பாக எடுத்துவிடுகிறது. இந்த மாடலைப் பயன்படுத்திய பலரும் சொல்லும் குறை இது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையுடன் நிற்கும் மாமாக்களை எடுத்தால் துணியின் மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக வரும். அப்படி வெளுத்துப்போன இடத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் மீட்க முடியாது. ஷட்டர் பட்டன் அருகே உள்ள பிளஸ்-மைனஸ் பட்டனை அழுத்தி -0.3 அல்லது -0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வெளியில் எடுக்கும்போது எப்போதும் -0.7 தான்.

இரண்டாவது வீடியோ. வீடியோ எடுக்கும் வசதியுடன் உலகில் வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். டி90 தான். அந்தப் பெருமை சரித்திரத்தில் இருக்கட்டும். 1280 × 720 அளவில் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான் எடுக்கலாம். எடுக்கும்போது தானாகப் போகஸ் ஆகாது. மைக் மாட்டும் துளை கிடையாது. வேகமாகத் திருப்பினால் தூண்கள் எல்லாம் சாய்ந்து, பாகுபோல் நெளியும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பதால் ஏற்படும் கோளாறு இது. வீடியோவுக்கு உங்கள் போனையே பயன்படுத்துங்கள்.

திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ முறையிலும் போகஸ் ஆமை வேகம். போன் பழக்கத்தில் கேமராவைத் தூரப் பிடித்துக்கொண்டு ஓடும் குழந்தையை எடுக்க நினைத்தால் குழந்தை பக்கத்து வீட்டுக்கே போயிருக்கும். கண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மெமரி கார்டு வாங்கும்போதும் கவனம் தேவை. இந்தக் கேமராவுக்கான கையேட்டில் எஸ்.டி., எஸ்.டி.ஹெச்.சி. கார்டுகள் மட்டுமே சொல்லப்பட்டிருக்கின்றன. இவற்றின் உச்ச அளவு 32 ஜி.பி. 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் வரும் எஸ்.டி.எக்ஸ்.சி. வகை 2009-ல்தான் அறிவிக்கப்பட்டது, அதாவது டி90 வந்த பிறகு. கடைக்காரர் "பெரிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள் சார்" என்றாலும் 16 ஜி.பி. கார்டாக இரண்டு வாங்குங்கள். வைபை, புளூடூத் எதுவும் கேமராவில் கிடையாது. படங்கள் கார்டு ரீடர் அல்லது கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஜேபெக்கா, ராவா?

படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஜேபெக் என்றால் கேமராவே நிறம், வெளிச்சம் எல்லாம் முடிவுசெய்து, சுருக்கிக் கொடுத்துவிடும். உயர்ந்த தரத்தில் ஒரு படம் சுமார் 6 எம்.பி. ரா என்றால் சென்சார் பார்த்தது பார்த்தபடி. நிகானில் இந்தப் பைல்களின் பெயர் என்.ஈ.எப். என்று முடியும். ஒரு படம் சுமார் 11 எம்.பி. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள். டி90-ன் ரா பைலில் 4096 படிகள்.

கல்யாண மண்டபத்தில் ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, மறுபக்கம் டியூப்லைட், நடுவில் வீடியோக்காரரின் விளக்கு. கேமரா குழம்பி முகங்களை நீலமாகவோ ஆரஞ்சாகவோ ஆக்கிவிடும். ரா பைலாக இருந்தால் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டை நகர்த்தி நிறத்தைச் சரிசெய்துவிடலாம். இதற்கு நிகான் நிறுவனத்தின் என்.எக்ஸ். ஸ்டூடியோ இலவசமாகக் கிடைக்கிறது. டார்க்டேபிள், ராதெரபி என்ற இலவச சாப்ட்வேர்களும் உண்டு. பழகும் வரை இரண்டையும் சேர்த்துச் சேமிக்கும்படி கேமராவில் அமைத்துக்கொள்ளுங்கள்.

நான் இழந்த 190 படங்கள்

இப்போது அடி வாங்கிய கதை. 2023 ஆவணியில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம், திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. காலையில் விருந்தாளிகள் வருவதற்கு முன் ஆச்சியைப் பட்டுப்புடவையுடன் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து 50 மி.மீ. லென்ஸில் படம் எடுத்தேன். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆச்சி, அன்று ஏனோ நேராகப் பார்த்துச் சிரித்தார். அன்று மொத்தம் 312 படங்கள். அப்போது ரா எல்லாம் தெரியாது, எல்லாமே ஜேபெக். இரவில் லேப்டாப்பில் "நிச்சயதார்த்தம்" என்று ஒரு போல்டர் போட்டு அதில் காப்பி செய்தேன். மறுநாளைக்கு இடம் வேண்டுமே என்று கார்டை பார்மட் செய்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருடன் கோயிலுக்குப் போய் 190 படங்கள் எடுத்து வந்தேன். அதே விசேஷம்தானே என்று அதே போல்டரில் காப்பி செய்தேன். ஏற்கனவே இதே பெயரில் 190 பைல்கள் இருக்கின்றன, மாற்றிவிடலாமா என்று விண்டோஸ் கேட்டது. தூக்கக் கலக்கம். முதல் நாள் படங்களையே மறுபடி காப்பி செய்கிறேன் போல என்று நினைத்து மாற்று என்பதைக் கிளிக் செய்தேன்.

நடந்தது இதுதான். டி90 படங்களுக்கு டி.எஸ்.சி._0001 என்று தொடங்கி வரிசையாகப் பெயர் வைக்கும். இதன் மெனுவில் பைல் நம்பர் சீக்வன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது ஆஃப் நிலையில் இருந்தால், கார்டை பார்மட் செய்யும்போதெல்லாம் எண் மறுபடி 0001-க்குப் போய்விடும். என் கைக்கு வந்த கேமராவில் அது ஆஃப் நிலையில்தான் இருந்தது. ஆகவே கோயிலில் எடுத்த 190 படங்களுக்கும் முதல் நாளின் முதல் 190 படங்களின் பெயர்களே வந்துவிட்டன. புதியவை பழையவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டன. ஆச்சியின் படம் முப்பதாவதோ என்னவோ.

பொழுது விடிந்ததும்தான் கவனித்தேன். ரீசைக்கிள் பின்னில் தேடினேன். நீங்கள் அழிக்கும் பைல்தான் அங்கே போகும், மேலெழுதப்பட்ட பைல் போகாது. கார்டிலிருந்து மீட்கலாம் என்று போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டினேன். பார்மட் செய்தாலும் படங்கள் உடனே கார்டிலிருந்து அழிவதில்லை. அந்த இடத்தில் புதிய படம் எழுதப்படும் வரை இருக்கும். இரண்டு மணி நேரத்தில் நூற்றுப் பதினைந்து படங்கள் கிடைத்தன. ஆவலுடன் திறந்து பார்த்தால் எல்லாமே முதல் நாளின் பிற்பகுதியில் எடுத்தவை. கோயில் படங்கள் கார்டின் முன்பகுதியில் எழுதப்பட்டதால் முதல் நாளின் முன்பகுதி அங்கேயும் போய்விட்டது. மீண்டு வந்த படங்கள், லேப்டாப்பில் ஏற்கனவே பத்திரமாக இருந்த அதே படங்கள். லேப்டாப்பில் இருப்பதோ எஸ்.எஸ்.டி. மேலெழுதிய பைலை அதிலிருந்து மீட்பது ஹார்ட் டிஸ்கை விடவும் கடினம். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நல்ல காலம். முதல் நாள் இரவே ஆச்சியின் படத்தை மொபைலில் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அது சுருங்கி 1600 புள்ளிகளாகப் போயிருந்தது. 4288 எங்கே, 1600 எங்கே.

ஆச்சி அடுத்த தை மாதம் தவறிவிட்டார். சுவரில் மாட்ட பெரிய படம் வேண்டும் என்று அம்மா கேட்டபோது அந்த 1600 புள்ளிதான் கையில் இருந்தது. ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, இது அஞ்சு அங்குலத்துக்குத்தான் நல்லா வரும், பெரிசாக்கினா முகம் கலங்கிடும்" என்றார். ஐந்து அங்குலமாகவே போட்டு, பெரிய சட்டத்தில் வெள்ளை அட்டை வைத்து நடுவில் ஒட்டித் தரச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

எனவே டி90 கைக்கு வந்தவுடன், ஒரு படம்கூட எடுக்கும் முன், கஸ்டம் செட்டிங் மெனுவுக்குப் போய் பைல் நம்பர் சீக்வன்ஸை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் விசேஷத்தின் பெயரில் போல்டர் போடாமல், 2023-09-03 என்பது போல் வருடம், மாதம், நாள் என்று போடுங்கள். ஒவ்வொரு முறை காப்பி செய்வதற்கும் தனி போல்டர். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று விண்டோஸ் கேட்டால் உடனே கேன்சல் செய்துவிட்டு நிதானமாகப் பாருங்கள். படங்கள் கம்ப்யூட்டரிலும் வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்கிலும் ஆக இரண்டு இடத்தில் வந்து சேரும்வரை கார்டை பார்மட் செய்யாதீர்கள். நான் இரண்டு கார்டு வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

எஸ்.எல்.ஆர். கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு படத்திற்கும் திறந்து மூடும் ஓர் இயந்திரம். டி90-ன் ஷட்டரை ஒரு லட்சம் தடவை இயக்கிச் சோதித்ததாக நிகான் சொன்னது. பழைய பைக்குக்கு கிலோமீட்டர் பார்ப்பதுபோல் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பைல் பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். அது 9999-க்குப் பிறகு மறுபடி 0001 ஆகிவிடும்.

உண்மையான கணக்கு ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எழுதப்பட்டிருக்கும். கடையில் உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து வாருங்கள். எக்ஸிப்டூல் என்ற இலவச புரோகிராமை டவுன்லோடு செய்து, பிரித்து வைத்த போல்டரில் உள்ள அதன் ஐகான் மீது படத்தை இழுத்து விடுங்கள். ஒரு கறுப்பு விண்டோவில் நீண்ட பட்டியல் வரும். அதில் ஷட்டர் கவுண்ட் என்ற வரியில் எண் இருக்கும். என்னுடையதில் 41 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. விற்பவர் மொபைலில் அனுப்பும் படத்தில் இந்த விவரம் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். கேமராவிலிருந்து நேராக எடுத்த பைல்தான் வேண்டும்.

லென்ஸைக் கழற்றி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் உள்ளே தெரிந்தால் பூஞ்சை, வாங்க வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவரை எப்/16-ல் எடுத்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. துடைத்தால் போகும், விலை பேசும்போது உதவும். பாப்-அப் பிளாஷ், இரண்டு சக்கரங்கள், பின்பக்க ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ரப்பர் உரிந்திருந்தால் பயமில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். என்னுடையது இரண்டு முறை உரிந்துவிட்டது.